முத்திரையைக் கடைசியில் பாருங்கள்: சீனப் பீங்கான் ஏலம் பற்றி வாசகர் கேள்விகள்

சீனப் பீங்கான் பற்றி வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன: அடியில் எழுதியிருப்பதைப் படித்துக் காலத்தைச் சொல்லுங்கள். படித்துச் சொல்லிவிடலாம், அது பெரிய வித்தை இல்லை. ஆனால் படித்த பிறகும் காலம் தெரியாது என்பதுதான் சிக்கல். அதனால் அந்தக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இணைய ஏலம் ஒன்றில் நீல வெள்ளைப் பூஞ்சாடி வந்திருக்கிறது. அடியில் கட்டம் கட்டமாக ஆறு எழுத்து. கேட்லாக்கில் "கியான்லாங் முத்திரை" என்று போட்டிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று நம்பலாமா?

நம்பாதீர்கள், அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். கியான்லாங் என்பது ஒரு சீன மன்னரின் ஆட்சிப் பெயர், அப்படி மன்னர் பெயரை அடியில் எழுதுவதைத்தான் முத்திரை என்கிறார்கள். "கியான்லாங் முத்திரை" என்று மட்டும் போட்டால், அடியில் அப்படி எழுதியிருக்கிறது என்றுதான் ஏலக்காரர் சொல்கிறார், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கியான்லாங் காலத்தில் செய்ததுதான் என்று அவருக்கே நம்பிக்கை இருந்தால் "கியான்லாங் முத்திரையும் அதே காலமும்" என்று எழுதியிருப்பார், ஏனென்றால் அந்த ஒரு சொல்லில் விலை பல மடங்கு ஏறும். "கியான்லாங் முத்திரை, 20ஆம் நூற்றாண்டு" என்று எழுதுபவர் நேர்மையானவர். "கியான்லாங் பாணியில்" என்றால் பிற்காலத்து நகல் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். முத்திரையை மட்டும் சொல்லிக் காலத்தைச் சொல்லாமல் விட்டால், அந்த மௌனத்துக்கும் அர்த்தம் உண்டு.

முத்திரையை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக. "மகா சிங் அரசமரபு, கியான்லாங் காலம், செய்யப்பட்டது" என்பதுதான் அந்த ஆறு எழுத்தின் சாரம். நான்கு எழுத்து மட்டும் இருந்தால் அரசமரபின் பெயரை விட்டுவிட்டார்கள் என்று பொருள். சாதாரணக் கையெழுத்து வடிவில் இருந்தால் பெரும்பாலும் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் இருக்கும். நீங்கள் சொல்கிற கட்டம் கட்டமான எழுத்து பழைய முத்திரை எழுத்து வடிவம், அது இரண்டு இரண்டாக மூன்று வரிசையில் வரும். காங்சி காலத்தில் (1662–1722) முதல் வடிவம்தான் வழக்கம். யோங்ஜெங் காலத்தில் (1723–1735) இரண்டும் உண்டு. கியான்லாங் காலத்தில் (1736–1795) முத்திரை எழுத்து மேலோங்கிவிட்டது. ஆகவே முத்திரை எழுத்தில் காங்சி பெயர் இருந்தால் முதல் சந்தேகம் அங்கேயே வந்துவிட வேண்டும்.

முந்தைய மன்னர் பெயரைப் போடுவதை எல்லாம் மோசடி என்று நினைக்க வேண்டாம். காங்சி காலத்துச் சூளைகளே, சிங் மரபுக்கு முந்தைய மிங் மரபின் மன்னர்களான சுவாண்டே (1426–1435), செங்ஹுவா (1465–1487) பெயர்களைத் தாராளமாக எழுதின. பழைய உன்னதத்துக்கு ஒரு வணக்கம், கொஞ்சம் வியாபாரம், இரண்டும் கலந்ததுதான். அப்புறம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், குவாங்சு காலத்தில் (1875–1908), காங்சி பெயரை நான்கு எழுத்தில் எழுதிய நீல வெள்ளை ஜாடிகள் கப்பல் கப்பலாக மேற்கே போயின. இன்று ஏலத்தில் "காங்சி" என்று வருபவற்றில் பெரும் பகுதி இந்தக் கூட்டம்தான். இன்னொரு வேடிக்கை: 1677இல், பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன ஜிங்தேஜென் நகரின் அதிகாரி, பீங்கானில் மன்னர் பெயரை எழுதக்கூடாது என்று தடை போட்டார். உடைந்து குப்பைக்குப் போகும் பொருளில் மன்னர் பெயர் இருந்தால் அவமரியாதை என்பது காரணம். அதனால் அசல் காங்சிப் பொருள்கள் நிறைய, அடியில் வெறும் இரட்டை வட்டத்துடனோ ஓர் இலைச் சின்னத்துடனோ, எழுத்தே இல்லாமல் இருக்கின்றன. பெயர் எழுதாதது அசலாகவும் எழுதியது நகலாகவும் இருக்கும் விநோதம் இந்தத் துறையில் சகஜம்.

கேள்வி: முத்திரையை நம்பாதே என்று எல்லாரும் சொல்கிறீர்கள். சரி, அப்படியானால் எதை நம்புவது?

முதலில் அடிப்பாகத்தை. எழுத்து இருக்கிற இடத்தை விடுங்கள், அதைச் சுற்றி நிற்கிற அடிவளையத்தைப் பாருங்கள். பளபளப்பான கண்ணாடிப் பூச்சு அங்கே இருக்காது, சுட்ட களிமண் வெறுமனே தெரியும். பூச்சும் ஓவியமும் கண்ணை மயக்கும், மண் மயக்காது. போலி செய்பவர்கள் பூக்களுக்கும் டிராகனுக்கும் செலவழிக்கும் உழைப்பில் பாதியைக்கூட அடிவளையத்துக்குச் செலவழிப்பதில்லை.

மிங் காலத்துப் பொருள்களில், பூச்சு முடிந்து வெறும் மண் தொடங்கும் ஓரத்தில் லேசான ஆரஞ்சுச் சிவப்பு படர்ந்திருக்கும். மண்ணில் இருக்கும் இரும்பு சூட்டில் வெளிவந்து துருப்பிடித்த நிறம் அது. உள்ளிருந்து பரவியது போல, ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்க வேண்டும். தூரிகையால் தடவியது போல ஒரே சீராகச் சுற்றி வந்தால் யாரோ தடவியிருக்கிறார்கள். மிங் மன்னர் வான்லி காலத்தில் (1573–1620) ஏற்றுமதிக்கென்று அவசரமாகச் செய்த தட்டுகளின் அடியில், நடுவிலிருந்து கதிர்கள் போல விரியும் கத்தித் தடங்கள் தெரியும். சக்கரத்தில் சுழற்றிச் செதுக்கும்போது கத்தி துள்ளியதால் வந்தவை. அடிவளையத்தில் சூளை மணல் ஒட்டியிருக்கும். இதையெல்லாம் குறை என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள்.

காங்சி காலத்துக்கு வந்தால் வேலைப்பாடு அப்படியே மாறிவிடும். மண் வெண்மையாக, நெருக்கமாக, தொட்டால் வழுவழுவென்று இருக்கும். பெரிய தட்டுகளில் அடிவளையத்தின் நடுவே ஒரு பள்ளம் ஓடும், பார்க்க இரண்டு வளையம் போல் இருக்கும். யோங்ஜெங் காலத்து அரசச் சூளைப் பொருளில் அடிவளையம் அயிரை மீனின் முதுகு போல உருண்டு மெழுகினாற்போல் இருக்கும் என்பார்கள். ஒரு முறை விரலால் தடவினால் பிறகு மறக்காது. 19ஆம் நூற்றாண்டில் இந்த நுணுக்கம் தளர்கிறது, பூச்சில் ஊசிக்குத்துப் போன்ற துளைகள் கூடுகின்றன, மேற்பரப்பு அலையலையாகிறது. சும்மா சொல்லவில்லை, நல்ல ஏலக்கூடத்தின் முன்பார்வை நாளுக்குப் போய், வாங்கும் எண்ணமே இல்லாமல், பல பொருள்களைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வருவதைப் போல ஒரு பாடம் கிடையாது. காசும் கேட்கமாட்டார்கள்.

அடுத்து ஜாடிக்குள்ளே கைவிடுங்கள். பழைய பெரிய ஜாடிகளை ஒரே துண்டாக வனையவில்லை. இரண்டு மூன்று துண்டாக வனைந்து, ஈர மண் குழம்பால் ஒட்டியிருப்பார்கள். வயிற்றுப் பகுதியிலோ தோளிலோ உள்ளே ஒரு மேடு தட்டுப்படும். இன்றைய மலிவான ஜாடிகள் நீர்த்த மண் குழம்பை அச்சில் ஊற்றி எடுத்தவை. சுவர் எங்கும் ஒரே தடிமனாக, உள்ளே மொழுமொழுவென்று இருக்கும், வெளியே புடைப்பு இருக்கும் இடத்தில் உள்ளே அதற்கேற்ற பள்ளம் இருக்கும். கையில் எடுத்தால் எடையும் தவறான இடத்தில் இருப்பது போலத் தோன்றும்.

தேய்மானத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள், பத்து மடங்கு பெரிதாக்குவது போதும். 200 வருடம் புழங்கிய தட்டில் கீறல்கள் எல்லாத் திசையிலும், சில ஆழமாக, சில மயிரிழையாக, நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்ததில் எல்லாக் கீறலும் ஒரே ஆழம், ஒரே போக்கு. அமிலத்தில் முக்கி எடுத்தால் பளபளப்பு மொத்தமாக மங்கி, குழிவான மூலைகளிலும்கூட மங்கியிருக்கும். அந்த மூலைகளை யார் கை தொட்டுத் தேய்த்தது? அடியில் பழுப்பு அழுக்கு அப்பியிருந்தால் ஈரத் துணியால் துடைக்க அனுமதி கேளுங்கள். பழைய அழுக்கு மண்ணுக்குள் ஊறியிருக்கும், தேயிலைச் சாயம் துணியோடு வந்துவிடும்.

முத்திரை கடைசி. மண், வனைந்த விதம், பூச்சு, நிறம், ஓவியத்தின் கை எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பார்த்த பிறகு, முத்திரையும் அதையே சொன்னால் மகிழ்ச்சி. சொல்லாவிட்டால் மற்றவை சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: வண்ணத்தை வைத்துக் காலம் சொல்லலாம் என்கிறார்களே, உண்மையா? என்னிடம் வந்திருக்கும் படத்தில் தட்டு முழுக்க இளஞ்சிவப்பு பியோனிப் பூக்கள். "காங்சி, சுமார் 1690" என்று போட்டிருக்கிறார்கள்.

உண்மை, அதுவும் உங்கள் தட்டுக்கு உடனே பதில் கிடைக்கும். பூச்சின் மேல் தீட்டும் அந்த இளஞ்சிவப்பு எனாமல் நுண்ணிய தங்கத் துகளால் நிறம் பெறுவது. சீனத்தில் அது பரவியது 1720ஐ ஒட்டித்தான். 1690 என்றால் அந்த நிறம் இருக்க வழியே இல்லை. ஏலக்காரர் தேதியைத் தவறாகப் போட்டாரா, அல்லது யாரோ பழைய தட்டின் மேல் பிறகு பூ வரைந்தார்களா என்பது தனி விசாரணை. இரண்டாவதும் நடந்திருக்கிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில், சாதாரண நீல வெள்ளைத் தட்டுகள் விலை போகவில்லை என்று அவற்றின் மேலேயே சிவப்பும் பச்சையும் தங்கமும் அப்பி மறுபடி சூளையில் வைத்து விற்றிருக்கிறார்கள். அடியில் இருக்கும் நீல ஓவியத்துக்கும் மேலே இருக்கும் வண்ணத்துக்கும் சம்பந்தமே இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்.

நீலமும் இதே போல் உதவும். மிங் காலத்து ஐந்து வண்ணப் பொருள்களில் நீலம் பூச்சுக்கு அடியில் இருக்கும், சிவப்பு, பச்சை, மஞ்சள் மேலே இருக்கும். பூச்சுக்கு மேலே தீட்டும் நீல எனாமல் காங்சி காலத்தில்தான் பழக்கத்துக்கு வந்தது. வான்லி முத்திரை போட்ட ஜாடியில் நீலம் விரலுக்குத் தட்டுப்படுகிறது, சாய்த்துப் பார்த்தால் மேடாக நிற்கிறது என்றால், அது வான்லி காலத்ததாக இருக்க முடியாது. விஞ்ஞானச் சோதனைக்குப் போகிற அளவுக்குப் பெரிய தொகை என்றால் இன்னொரு கைப்பிடி உண்டு. குரோமியம் என்ற தனிமத்தையே 1797இல்தான் கண்டுபிடித்தார்கள். எக்ஸ்ரே கதிர் வைத்து வண்ணத்தின் வேதிக்கூறை அளக்கும்போது, பச்சைக்கு நிறம் தருவதே குரோமியம் என்று வந்துவிட்டால் காங்சிக் கனவைக் கலைத்துவிடலாம்.

நீல வெள்ளையில், நீல நிறம் தரும் கோபால்ட்டின் நடத்தையைக் கவனியுங்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பொருள்களில், மேற்கே இருந்து வந்த இரும்புச் சத்து மிகுந்த கோபால்ட் அங்கங்கே திரண்டு, கருத்த புள்ளிகளாகப் பூச்சுக்குள் இறங்கி நிற்கும். 18ஆம் நூற்றாண்டில் அந்த அழகுக்கு ஆசைப்பட்டு, தூரிகை நுனியால் வேண்டுமென்றே புள்ளி வைத்தார்கள். லென்ஸில் பார்த்தால் முன்னது தானாகத் திரண்டது, பின்னது ஒழுங்காக வைத்த பொட்டு. காங்சி நீலம் வேறு கதை, நீர்த்தும் அடர்த்தும் பல படிகளாகக் கழுவிவிட்டது போல ஆழம் காட்டும், எனக்கு மிகவும் பிடித்த நீலமும் அதுதான். அப்புறம், லென்ஸில் பார்க்கும்போது நிறம் சின்னச் சின்ன ஒழுங்கான புள்ளி வரிசையாகப் பிரிந்தால் அச்சடித்த ஒட்டுப்படம். அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை.

கேள்வி: அடியில் ஆங்கிலத்தில் "சைனா" என்று சிவப்பில் முத்திரை குத்தியிருக்கிறது. இது நல்லதா கெட்டதா?

நல்லது, நீங்கள் எதிர்பார்க்கும் அர்த்தத்தில் இல்லாவிட்டாலும். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கவரிச் சட்டப்படி, 1891 முதல் அமெரிக்காவுக்குப் போகும் பொருள்களில் எந்த நாட்டில் செய்தது என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. "சைனா" என்று மட்டும் இருந்தால் 1891க்குப் பிறகு, 1920களின் தொடக்கம் வரை என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். "மேட் இன் சைனா" என்றால் பொதுவாக அதற்கும் பிந்தியது. எழுத்து இல்லாவிட்டால் பழசு என்று தலைகீழாகப் போடாதீர்கள், அமெரிக்காவுக்குப் போகாத பொருளுக்கு இந்தக் கட்டாயமே இல்லை, ஒட்டிய சீட்டு விழுந்தும் போயிருக்கும். அடியின் நடுவில் பூச்சு வட்டமாக உராய்ந்து மங்கியிருந்தால், அங்கே இப்படி ஓர் எழுத்து இருந்திருக்கலாம், யாரோ அரைத்து எடுத்திருக்கலாம்.

கேள்வி: மூழ்கிய கப்பலில் கிடைத்த கிண்ணம் என்று ஒன்றை ஏலம் விடுகிறார்கள். பழைய ஏலச் சீட்டும் ஒட்டியிருக்கிறது. கடலில் கிடந்ததற்கு யார் இவ்வளவு பணம் கொடுப்பார்கள்?

கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் இந்தப் பொருளுக்குத் தேதி தெரியும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கெல்டர்மால்சன் கப்பல் 1752 ஜனவரியில் மூழ்கியது. அதிலிருந்து, மூழ்கிய கப்பல்களின் சரக்கை மீட்பவரான மைக்கேல் ஹாட்சர் எடுத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான்களை 1986இல் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் "நான்கிங் சரக்கு" என்ற பெயரில் ஏலம் விட்டது. டெக் சிங் என்ற சீனக் கப்பல் 1822இல் மூழ்கியது, அதன் மூன்றரை லட்சம் பீங்கான்கள் 2000இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் விற்றன. அந்தக் கிண்ணங்கள் எந்த வருடத்துக்குப் பிறகு செய்திருக்க முடியாது என்பது நிச்சயம். சேகரிப்பாளர்கள் மற்ற பொருள்களின் காலத்தைக் கணிக்கவே இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு வாங்க ஆசைப்படுபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வதும் இதைத்தான்: எண்ணிக்கை அதிகம் என்பதால் சிறு கிண்ணங்களின் விலை எட்டாத உயரத்தில் இல்லை, காலமும் கையில் இருக்கிறது.

சீட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். உடைந்த கிண்ணத்தின் சீட்டு இன்னொரு கிண்ணத்துக்கு ஏறுவதற்கு ஒரு சொட்டுப் பசை போதும். அந்த ஏலத்தின் அச்சிட்ட கேட்லாக்கில் அதே லாட் எண்ணை, அதாவது ஏலத்தில் அந்தப் பொருளுக்குத் தந்த வரிசை எண்ணைப் பார்த்து, அதே வகை ஓவியம், அதே அளவுதானா என்று ஒப்பிடுங்கள். கடல் நீர் பூச்சுக்கு மேலே இருக்கும் எனாமலைத் தின்றுவிடும். பூச்சுக்கு அடியில் இருக்கும் நீலம் தப்பிக்கும், மேலே இருந்த சிவப்பும் தங்கமும் நிழல் போலத்தான் மிஞ்சும். 200 வருடம் கடலுக்கடியில் கிடந்ததாகச் சொல்லும் கிண்ணத்தில் வண்ணம் நேற்றுத் தீட்டியது போல இருந்தால் சீட்டை உரித்துவிட்டு யோசியுங்கள்.

கேள்வி: வெப்ப ஒளிர்வுச் சோதனைச் சான்றிதழோடு வருகிறது. அறிவியலே சொன்ன பிறகு சந்தேகப்படலாமா?

சந்தேகப்படலாம். கடைசியாகச் சூளையில் சுட்டதிலிருந்து மண் எவ்வளவு கதிர்வீச்சைச் சேர்த்துவைத்திருக்கிறது என்று அளந்து வயதைச் சொல்லும் முறை அது. அடியில் சின்னதாகத் துளைத்து மாதிரி எடுப்பார்கள், அதனால் பல உரிமையாளர்கள் நல்ல பீங்கானுக்கு இதைச் செய்யவே விடுவதில்லை. முடிவிலும் வயதில் ஐந்தில் ஒரு பங்கு முன்பின் ஆகலாம். 300 வருடப் பொருளுக்கு அது 60 வருடம். காங்சியா கியான்லாங்கா என்ற கேள்விக்கே அது பதில் சொல்லாது, பழசா புதுசா என்று மட்டும் சொல்லும். சுட்ட மண் பொம்மைகளுக்கு, குறிப்பாகப் பழைய தாங் அரசமரபு காலத்துக் குதிரைகள், ஒட்டகங்கள் போன்றவற்றுக்கு இது மிகவும் பயன்படும், பீங்கானுக்கு அவ்வளவு இல்லை.

ஏமாற்றவும் முடியும். உடைந்த பழைய ஜாடியின் அடியை எடுத்து, அதன் மேல் புது உடலை ஒட்டிவிட்டு, அடியிலிருந்து மாதிரி கொடுப்பார்கள். செயற்கையாகக் கதிர்வீச்சு ஏற்றுவதும் உண்டு. இவ்வளவு சிரமம்கூட வேண்டாம், வேறொரு ஜாடியின் சான்றிதழை இதனோடு வைத்தாலே போதும். சான்றிதழில் இருக்கும் படத்தையும், மாதிரி எடுத்த துளைகளின் இடத்தையும் பொருளோடு ஒப்பிடாமல் அந்தக் காகிதத்துக்கு மரியாதை தராதீர்கள்.

கேள்வி: விரிசல் இருந்தால் விலை எவ்வளவு குறையும்? படத்தில் தெரியாத பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சதவீதக் கணக்கெல்லாம் சொல்லமாட்டேன், பொருளைப் பொறுத்தது. 18ஆம் நூற்றாண்டு அரசச் சூளைக் கிண்ணத்தில் ஒரு மயிரிழை விரிசல் என்றால் விலை சரிந்துவிடும், அதே விரிசல் 14ஆம் நூற்றாண்டு யுவான் ஜாடியில் என்றால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளமாட்டார்கள். 17ஆம் நூற்றாண்டு நீல வெள்ளையில் விளிம்புப் பூச்சு சிறு சிறு பொரிகளாக உதிர்ந்திருப்பது இயல்பு, பூச்சும் மண்ணும் வெவ்வேறு அளவில் சுருங்கியதால் வந்தது, ஜப்பானிய ரசிகர்கள் பூச்சி அரித்தது என்று பெயர் வைத்து ரசித்தார்கள்.

மறைத்த பழுதுதான் ஆபத்து. விளிம்பை நகத்தால் மெல்லச் சுண்டினால் நல்ல பீங்கான் மணி போல ஒலிக்கும், விரிசல் இருந்தால் தகரம் போலப் பிசிறும். ஒலியை வைத்துக் காலம் சொல்ல முடியாது, உடைசலை மட்டும்தான் சொல்லலாம். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் பிற்காலத்துப் பசையும் பெயிண்டும் பீங்கானிலிருந்து வேறுபட்டு ஒளிரும். விளிம்பில் உலோகப் பட்டை போட்டிருந்தால் அது அலங்காரமா, உடைசலை மூடியதா என்று கேளுங்கள். கழுத்து உடலுக்குப் பொருந்தாமல் குட்டையாக இருந்தால், உடைந்த வாயை அரைத்துச் சமன் செய்திருக்கிறார்கள். அடியில் துளை என்றால் ஒரு காலத்தில் மேசை விளக்காக இருந்திருக்கும், அப்படி விளக்கான நல்ல ஜாடிகள் நிறைய. பொருள் நிலை அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அதில் பழுது என்று எழுதாமல் விட்டதாலேயே பழுது இல்லை என்று ஆகிவிடாது. விற்பனை நிபந்தனைகளில் அதை அவர்களே பொடி எழுத்தில் சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: வெள்ளைக் குவான்யின் (பௌத்தக் கருணைத் தெய்வம்) சிலை ஒன்று, வண்ணமே இல்லை. காலம் கண்டுபிடிக்க வழி உண்டா?

புஜியான் மாகாணத்தின் தேஹுவா சூளையாக இருக்கலாம். இந்த வகைதான் மிகக் கடினம், 17ஆம் நூற்றாண்டு முதல் இன்று வரை அதே உருவத்தை அதே ஊரில் செய்கிறார்கள், துணை செய்ய வண்ணமும் இல்லை. விரல்களின் கூர்மை, துணி மடிப்பின் ஆழம், உள்ளே குடைந்த விதம் இவற்றை அருங்காட்சியகப் பொருளோடு ஒப்பிட வேண்டும். அதுவரை 20ஆம் நூற்றாண்டு விலை மட்டும் கொடுங்கள்.

கேள்வி: 35 டாலருக்கு வாங்கிய கிண்ணம் லட்சக்கணக்கில் போனதாகப் படித்தேன். ஏல நிறுவனங்களே தவறவிடும் புதையல் இன்னும் கிடைக்குமா?

கிடைக்கும், அது பொய் இல்லை. நீங்கள் சொல்வது அமெரிக்காவின் கனெக்டிகட்டில் வீட்டு வாசல் விற்பனையில் 35 டாலருக்குக் கிடைத்த 15ஆம் நூற்றாண்டுக் கிண்ணம், 2021 மார்ச்சில் நியூயார்க்கில் சோதபீஸ் ஏல நிறுவனத்தில் 7,21,800 டாலருக்குப் போனது. ஆனால் அதை வாங்கியவர் அது என்னவென்று கண்டுகொண்டார், அதைக் கவனியுங்கள். சாமானியர்கள் கூட்டமாகக் கடந்து போன மேசை அது.

இதற்கு நேர்மாறான கதை எனக்கு இன்னும் சுவாரசியமானது. 2022 அக்டோபரில் பிரான்சின் ஃபான்டென்ப்ளோவில் நீல வெள்ளை டிராகன் ஜாடி ஒன்றுக்கு மதிப்பீடு 1,500 முதல் 2,000 யூரோ. 20ஆம் நூற்றாண்டு அலங்காரப் பொருள் என்றார் ஏல நிறுவனத்தின் நிபுணர். ஏலம் கட்டணம் சேர்த்து 91 லட்சம் யூரோவில் முடிந்தது, 18ஆம் நூற்றாண்டு என்று நம்பியவர்கள் போட்டி போட்டதால். நிபுணர் கடைசிவரை தன் கருத்தை மாற்றவில்லை, வேலைதான் போனது. யார் சரி என்று விலையை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியுமா? முடியாது என்றுதான் நான் சொல்வேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் உறுதியாக நம்பினால் விலை ஏறும், அவ்வளவே. ஏறிய விலை வசூலாகும் என்றும் இல்லை. 2010இல் லண்டன் புறநகரில் 4.3 கோடி பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்த, அதாவது ஏலம் முடிந்த, கியான்லாங் ஜாடிக்கு வாங்கியவர் பணமே கட்டவில்லை, பிறகு 2013இல் அதைவிட மிகக் குறைந்த தொகைக்குத் தனியாகக் கைமாறியது. தலைப்புச் செய்தியில் வந்தது முதல் தொகை மட்டும்தான்.

கேள்வி: நேரில் போக முடியாது, படம் பார்த்துத்தான் கேட்க வேண்டும். என்ன படங்கள் வாங்க வேண்டும், எவ்வளவு வரை போகலாம்?

அடியை முழுதாகவும், அடிவளையத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நெருக்கமாகவும் கேளுங்கள். முத்திரையை நேர்க்கோணத்தில். ஜாடியின் உள்பக்கம், வாய் விளிம்பு சுற்றிலும், ஓவியத்தில் ஒரு முகமோ பறவையின் கண்ணோ பெரிதாக. முகத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அசலை வரைந்தவர் தினமும் அதையே வரைந்த தொழிலாளி, கோடு தயங்காமல் ஓடும். பார்த்துப் பார்த்து நகலெடுப்பவரின் கோடு நடுங்கி, மடங்கும் இடத்தில் தடித்துவிடும், அது கண்ணிலும் விரலிலும்தான் முதலில் தெரியும். எடையையும் உயரத்தையும் எழுத்தில் வாங்குங்கள், அருங்காட்சியக இணையப் பக்கங்களில் அதே வடிவப் பொருளின் அளவோடு ஒப்பிடலாம். இதற்கு முன் எங்கே இருந்தது, எந்த ஏலத்தில் வந்தது, பழைய ரசீது உண்டா என்று கேளுங்கள். "குடும்பத்தில் வழிவழியாக வந்தது" என்ற பதிலைப் பதிலாகக் கணக்கிடாதீர்கள். கேட்ட படத்தை அனுப்ப மறுத்தால், அல்லது அடியைத் தவிர எல்லாவற்றையும் அனுப்பினால், அந்த லாட்டை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு போகலாம் என்றால், உங்கள் கண்ணுக்குத் தோன்றிய காலத்துக்கு ஒரு படி பிந்திய காலத்தின் விலைக்கு. காங்சி போலத் தோன்றினால் குவாங்சு நகலின் விலை. அந்த விலைக்குக் கிடைத்து, பிறகு குவாங்சு என்றே தெரிந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சுத்தியல் விழும் விலையோடு கணக்கு முடியாது. வாங்குபவர் கட்டணம் பல இடங்களில் 25 சதவீதத்தைத் தாண்டுகிறது, இணையம் வழியாகக் கேட்டால் அதற்கு மேல் கொஞ்சம் கூடுதல் கட்டணம், பிறகு வரி, பொதி கட்டும் செலவு, காப்பீடு. 1,000 பவுண்டில் நின்றது வீடு வந்து சேரும்போது 1,400, 1,500 ஆகிவிடும். உச்ச வரம்பை அந்தக் கடைசித் தொகையிலிருந்து பின்னோக்கிக் கழித்து, ஏலத்துக்கு முந்தைய நாளே தாளில் எழுதிவையுங்கள். பொருள் சொன்ன காலத்தது இல்லை என்று பிறகு தெரிந்தால் எத்தனை நாளுக்குள், என்ன ஆதாரத்தோடு திருப்பிக் கேட்கலாம் என்ற விதியையும் ஏலம் தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள். சில நிறுவனங்கள் தடித்த எழுத்தில் போட்ட தலைப்பு வரிக்கு மட்டும்தான் பொறுப்பேற்கும், கீழே வரும் வர்ணனைக்கு இல்லை.